ஏமாற்றம் என்னும் சொல்லும் மலையக வரலாறும்

ஒரு பெயர்ச்சொல் எவ்வினையடியாகப் பிறந்தது என்று ஆராய்தல் இலக்கண மாணவர்க்கே உரிய பயிற்சி எனப் பலரும் கருதுவர். ஆயினும் வரலாறு பயில்வோரையும் நின்று நோக்கச் செய்யும் சொற்கள் சில உள. 'ஏமாற்றம்' அத்தகைய ஒன்று. 'மாறு' என்பதிலிருந்து 'மாற்றம்' பிறந்தவாறும், 'ஏறு' என்பதிலிருந்து 'ஏற்றம்' பிறந்தவாறும், 'ஏமாறு' என்னும் தன்வினையடியாக 'ஏமாற்றம்' பிறந்ததெனக் கொள்ளலாம். அவ்வாறு கொள்ளின், அது ஏமாறியவரின் நிலையை மட்டும் குறிக்கும் சொல்லாகும். ஏமாற்றியவருக்கு அச்சொல்லினுள் இடமில்லை. எனினும் கேட்போர் செவியில் 'ஏமாற்று' என்னும் பிறவினையே முந்தி ஒலிக்கின்றது. எதிர்பார்த்தது கிட்டாமையால் வரும் மனமுறிவு, பிறர் செய்த வஞ்சனை ஆகிய இரண்டனையும் அச்சொல் வழக்கிற் சுமந்து நிற்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

இதனோடு நெருங்கிய பொருளுடைய பிற சொற்களை நோக்கின் வேறுபாடு தெளிவாகும். 'ஏக்கம்' ஒருவருடைய நெஞ்சினுள்ளேயே தொடங்கி அங்கேயே முடிவது. 'விரக்தி' உலகின்மீதே பற்றற்ற நிலை. 'நிராசை' வடமொழிவழி வந்தது. ஆசை அற்றுப்போதலைக் கூறும். 'கையறுநிலை' புறத்திணையில் இறந்துபட்ட தலைவனை நினைந்து வருந்தும் துறை. கூற்றுவனையன்றிக் குற்றஞ்சாட்ட அங்கு எவருமில்லை. 'வஞ்சனை' என்பதோ முழுவதும் செய்தவனைச் சார்ந்தது. அதனால் வருந்தினவன் அச்சொல்லில் இல்லை. 'ஏமாற்றம்' ஒன்றே இருவருக்கும் நடுவில் நிற்கின்றது. ஒருவர் ஏமாற்றமடைந்தார் என்றவுடன், யாரை நம்பி, எதனை நம்பி என்ற வினா தமிழ் செவிக்குத் தானே எழுகின்றது.

ஆங்கிலத்தில் இதற்கு நேராக வழங்கும் 'டிஸப்பாயின்ட்மென்ட்' என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. பழம் பிரெஞ்சு மொழியிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துட் புகுந்த 'டிஸப்பாயின்ட்' என்னும் வினைக்கு முதற்கண் இருந்த பொருள், நியமிக்கப்பட்ட ஒருவரை அந்நியமனத்தினின்று நீக்குதல், அவருக்குரிய இடத்தை அவரிடமிருந்து பறித்தல் என்பதே. எதிர்பார்ப்பு நிறைவேறாமையால் வரும் மனவருத்தம் என்பது பின்னர் விளைந்த பொருள். அம்மொழியில் ஓர் அரசியற் செயலாக இருந்தது காலப்போக்கில் ஒரு மனநிலையாக மெலிந்துவிட்டது. தமிழ்ச் சொல்லிலோ மனநிலையின் பின்னே செயல் இன்றும் மறையாது நிற்கின்றது.

இலங்கையின் மலையக மக்களின் வரலாறு 'ஏமாற்றத்தின் வரலாறு' என்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் கூறப்படுவது வழக்கமாகிவிட்டது. அக்கூற்றில் இரக்கம் உண்டு. அதனுள் ஒரு தீங்கும் மறைந்து கிடக்கின்றது. 'ஏமாற்றம்' என்பதிலிருந்து 'ஏமாளி' என்பதற்குச் செல்ல ஓர் அடி வைத்தாற் போதும். கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தனர், தலைவர்களின் சொல்லை நம்பிக் காத்திருந்தனர், அரசுகளின் சொல்லை நம்பிக் கெட்டனர் என்று அடுக்குங்கால், நூற்றைம்பது ஆண்டுக்காலம் ஒரு சமூகம் முழுவதும் எதனையும் எளிதில் நம்பும் பேதைமை உடையதாயிருந்தது என்ற எண்ணம் படிப்போர் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றது. ஏமாறியோர் வேறு, ஏமாளிகள் வேறு. ஹட்டனையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் நடுவாகக் கொண்டு, இம்மக்கள் எவ்வெப்பொழுது எதனை நம்பினர், அந்நம்பிக்கைக்கு ஆதாரமாக அவர்கள் கையில் இருந்தது யாது என்று நோக்கின், அவ்வேறுபாடு புலனாகும்.

முதலில் ஆட்கட்டிய காலம். தேயிலைத் தூரின் கீழ்த் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் கூறி ஆள் சேர்த்தனர் என்னும் கதை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்குகின்றது. இக்கதையைக் கேட்டு நகைப்போர் உளர். ஆனால் இதனைச் சொல்லி வந்தவர்கள் ஏமாறியவர்களின் பேரப்பிள்ளைகளே என்பதை மறத்தலாகாது. கதை நடந்ததை அவ்வாறே கூறுவதன்று. கங்காணியின்மீது சாட்டப்பட்ட குற்றத்தை எவரும் மறவாத வடிவில் நிலைநிறுத்தியதாகும். குற்றவாளியின் பெயர் அதில் தெளிவாக உள்ளது.

உண்மையில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் தேங்காய்க்கும் மாசிக்கும் மயங்கிப் புறப்பட்டவரல்லர். நிலமின்மையும், கடனும், சாதிக் கொடுமையும், இடையிடையே வந்த பஞ்சங்களும் அவர்களைத் துரத்தின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தின்போது இலங்கைக்கு வந்தோர் தொகை பெருகியமை இதற்குச் சான்று. மேலும், அழைக்க வந்த கங்காணி அந்நியனல்லன். பெரும்பாலும் அதே ஊரினன், உறவினன், அல்லது உறவுமுறை சொல்லி அழைக்கத்தக்கவன். அவன் சொல்லை நம்பினர் என்பதைவிட, உறவு என்னும் நிறுவனத்தை நம்பினர் என்பதே பொருந்தும். தோட்டத்துரைமார் கண்டுகொண்ட நுட்பமும் இதுவே. ஆள் பிடிக்கும் தரகனுக்குக் கூலி கொடுப்பதைவிட, உறவின் பிணைப்பையே தொழிற்பிணைப்பாக மாற்றுதல் அவர்களுக்கு மலிவாயிருந்தது.

வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாக ஏறிற்று. தோட்டம் மாறவேண்டுமாயின் அக்கடனை அடைப்பவருக்கே தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். மனிதன் ஒருவனுடைய இடம்பெயர்வு அத்தனையும் ஒரு காகிதத் துண்டில் அடங்கிற்று. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன் பின் விலகுவோருக்குப் 'பற்றுச்சீட்டு' வழங்கப்பட்டது. காகிதத்தின் பெயர் மாறினும், காகிதமின்றி ஒருவன் எங்கும் சேர முடியாது என்னும் நியதி மாறவில்லை. இம்மக்கள் காகிதத்தைப் போற்றிப் பாதுகாக்கக் கற்றது அங்கிருந்தே. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு இது முக்கியமான முன்னுரையாகும்.

கோப்பிக்குப் பதிலாகத் தேயிலை வந்தமையையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். 1869 இல் கோப்பியில் இலைநோய் காணப்பட்டது. 1880களில் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகள் தேயிலைக்கு மாறின. 1884 இல் இருப்புப்பாதை ஹட்டனை எட்டிற்று. கோப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தனர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் தங்கினர். பெண்களின் கை முதன்மை பெற்றது. ஊர் திரும்புவோம் என்னும் எதிர்பார்ப்பு ஒரு தலைமுறைக்குள் மெல்ல மங்கி, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய எதிர்பார்ப்பாக மாறிற்று. 'இந்தியாவுக்குத் திரும்பிச் செல்வோர்' என்று இவர்களைப் பிற்காலத்து அரசியல்வாதிகள் வருணித்தபோது, அவர்கள் பேசியது கோப்பிக் காலத்து மனிதரைப் பற்றியதாகும். அந்த மனிதர் அப்பொழுது அங்கு இல்லை.

தோட்ட வழக்கில் 'பேர்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு நாட் சம்பளத்துக்கு 'ஒரு பேர்' என்று பெயர். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, குறித்த நிறையளவு கொழுந்து எடுத்து, மாலையில் நிறுத்துக் கொடுத்தால் செக்றோலில் பேர் விழும். நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. கூடையின் நிறைக்கென்றும் கொழுந்தின் ஈரத்துக்கென்றும் கழித்த பின், முழுப்பேர் என்று நம்பி நின்றவளுக்கு அரைப்பேர் விழுந்த நாட்கள் எத்தனையோ. மலையகத்தின் அன்றாட ஏமாற்றம் இதுவே. இதனை எந்த வரலாற்று நூலும் அத்தியாயமாக எழுதுவதில்லை. தராசைப் பிடித்தவர் யார் என்பதும், முள் எங்கே நின்றது என்பதும் அவளுக்கு நன்கு தெரியும். தன் கையால் எடுத்த கொழுந்தின் கனம் அவள் தோளுக்கும் தெரியும். நம்பி ஏமாந்தாள் என்று அவளைக் கூறுதல் தகாது. அறிந்தே இழந்தாள் என்பதுதான் சரி. தோட்டப் பேச்சில் 'ஏமாற்றம்' என்னும் ஏட்டுச்சொல் அதிகம் வழங்குவதில்லை. 'மோசம் போனோம்', 'ஏய்ச்சிப்புட்டாங்க' என்றே கேட்கலாம். இரண்டாவது தொடரில் எழுவாய் வெளிப்படாது நிற்பினும், அது யாரைக் குறிக்கும் என்பதிற் கேட்போர் எவருக்கும் ஐயமில்லை.

ஹட்டனைத் தளமாகக் கொண்டு இவ்வுணர்வை அரசியலாக்கியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்த இவர், துரைமாரின் அனுமதியின்றித் தோட்டத்துள் எவரும் நுழைய முடியாத காலத்தில் புடைவை வியாபாரிபோல் உட்சென்று நிலைமையைக் கண்டறிந்தார். 'தேசபக்தன்' முதலிய ஏடுகளை நடத்தினார். 1931 இல் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு சம்மேளனத்தை ஹட்டனில் நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளரின் துயரைச் சிந்தாகவும் பாட்டாகவும் இயற்றித் தோட்டங்களிற் பாடினார்.

நடேசய்யரின் நூல்களுள் ஒன்றின் பெயர் 'நீ மயங்குவதேன்?' என்பது. இத்தலைப்பு நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவதாகும். 'ஏமம்' என்னும் பழஞ்சொல் காவல் என்ற பொருளிலும் மயக்கம் என்ற பொருளிலும் வழங்கியது. திருக்குறளில் 'ஏமாப்பு' என்பது அரணாக நின்று காக்கும் வலிமையைக் குறித்தது. காவலும் மயக்கமும் ஒரே சொல்லிற் குடியிருந்தமை வியப்பன்று. காவல் உண்டென்று எண்ணி விழிப்பை விட்டவனே மயங்குவான். 'நீ ஏமாந்தாய்' என்று இரங்குவதை விட்டு, 'நீ மயங்குவதேன்?' என்று வினவினார் நடேசய்யர். வினவப்பட்டவரை விடைகூறும் ஆற்றலுடையவராக மதித்த வினா அது.

அக்காலத்துச் சிறு வெற்றிகளும் சிறு தோல்விகளும் பல. 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பயனாக, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதம் என்று 1929 இல் வரையறுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அது குறைக்கப்பட்டது. சட்டத்தால் வந்ததும் சட்டத்தாலேயே போகக்கூடும் என்னும் பாடம் அப்பொழுதே கிட்டிற்று.

டொனமூர் அரசியலமைப்பின்படி 1931 இல் நிகழ்ந்த தேர்தலில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாகப் பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936 இல் அத்தொகுதியின் உறுப்பினரானவர் நடேசய்யர். 1947 இல் முதற் பாராளுமன்றத்துக்கு மலையகத்திலிருந்து எழுவர் தெரிவாயினர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையிலிருந்து கே. குமாரவேலு, மஸ்கெலியாவிலிருந்து ஜி. ஆர். மோத்தா என்போர் அவர்களுட் சிலர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணைபுரிந்தன. 'பேர்' என்பதற்கு நாட்கூலி என்று மட்டும் பொருள்கண்டிருந்த மக்களின் பேர், வாக்காளர் இடாப்பில் ஏறியிருந்த காலம் அது.

பதினெட்டே ஆண்டுகள் நீடித்த காலம்! 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவராயிருத்தலை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவராயிருத்தலைப் பிரஜாவுரிமைக்கு அடிப்படையாக வைத்தது. தோட்டங்களிற் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்திற் பிறந்த பாட்டனுக்குச் சான்று எங்கே தேடுவது? 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம், தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று காட்டுவோர் இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், பிரஜைகளல்லாதோரை வாக்காளர் இடாப்பினின்று நீக்கியது. நியமனம் பெற்றவரை அந்நியமனத்தினின்று நீக்குதல் என்று ஆங்கிலச் சொல்லுக்கு முன்பு இருந்த பொருள் ஈண்டு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துதல் காண்க. மக்களின் மனநிலையைப் பற்றி இச்சட்டங்கள் ஒன்றும் கூறவில்லை. அவர்கள் இருந்த இடத்தைப் பறித்தன.

வடக்கின் தமிழ்த் தலைமையும் இதில் ஒரு பங்கு ஏற்றல் வேண்டும். ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 இல் அமைச்சரவையில் இணைந்தார். வதிவோர் சட்ட மசோதாவை ஆதரித்தார். அதனை எதிர்த்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். ஒரே மொழி பேசுவோரிடத்திருந்து வந்த இவ்வடி மலையகத்தில் எளிதில் மறக்கப்படவில்லை.

அதற்குப் பின் நிகழ்ந்ததே இக்கட்டுரையின் மையமாகும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்காது விலகியிருக்குமாறு கூறிற்று; பின்னர் நிலைப்பாட்டை மாற்றி விண்ணப்பிக்குமாறு கூறிற்று. எஞ்சிய குறுகிய காலத்தினுள், 1951 ஆகஸ்டில் காலவரை முடிவதற்கு முன், ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. குடும்பத்தினரையும் சேர்த்து அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியவை. எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகுந்த ஒரு சமூகம், பற்றுச்சீட்டையும், பிறப்புச் சான்றையும், தோட்டப் பதிவேட்டின் பிரதியையும் தேடித் திரட்டி, படிவங்களை நிரப்பி, சத்தியக் கடதாசி முடித்து, காலவரைக்குள் அனுப்பியது. லயக் காம்பிராவின் தகரப் பெட்டிகளுக்குள் தலைமுறைகளாகக் காத்து வைக்கப்பட்ட காகிதங்கள் வெளியே வந்தன. எதனையும் நம்பும் ஏமாளிகளின் செயல் இது என்று எவரேனும் கூற இயலுமா? சட்டம் கேட்டதைச் சட்டத்தின் மொழியிலேயே அவர்கள் கொடுத்தனர். இடையில் இந்தியா சென்று வந்தமை, ஒரு சான்றில் உள்ள பெயர் மற்றொன்றில் வேறாயிருந்தமை போன்ற காரணங்களால் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. பத்தாண்டுக்கு மேல் நீண்ட அப்பரிசீலனையின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அஃதாவது ஆறில் ஒரு பங்கினர்.

நீதிமன்றையும் அவர்கள் நாடினர். கோடக்கன் பிள்ளை என்னும் வாக்காளர் தம் பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு கோரிய வழக்கு, முதலில் அவருக்குச் சார்பாகத் தீர்க்கப்பட்டு, உயர்நீதிமன்றில் மாற்றப்பட்டு, இலண்டன் கோமறை மன்று வரை சென்றது. சிறுபான்மையினரைப் பாதிக்கும் வகையிற் சட்டம் இயற்றலாகாது என்ற அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவே அவர் நம்பிய அரண். 1953 இல் கோமறை மன்று, அச்சட்டங்கள் பிரஜாவுரிமையைப் பற்றியவையே அன்றி ஒரு சமூகத்தை நோக்கியவை அல்ல என்று தீர்ப்பளித்தது. காவல் என்று எண்ணப்பட்டது மயக்கமாயிற்று. 'ஏமம்' என்பதன் இரு பொருளும் ஒரே தீர்ப்பினுள் வந்து நின்றன. ஆனால் அந்த அரணை எழுதி வைத்தவர் சோல்பரி ஆணைக்குழுவினரும் பிரித்தானிய அரசும். அதனை நம்பியவர் மட்டும் பேதை எனின் அது நியாயமாகாது. 1952 ஏப்ரலில் தொடங்கி மாதக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகமும் இக்காலத்தைச் சார்ந்ததே. அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத்தின் பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை.

1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தது. 1974 இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பகிரப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. பின்னர் விண்ணப்பம் கோரப்பட்டபோது, இலங்கைக் குடியுரிமை கேட்டோர் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டனர். இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஏறத்தாழ ஐந்து இலட்சத்தவர். இரண்டு அரசுகள் வகுத்த கணக்கும் மக்கள் கூறிய கணக்கும் இவ்வாறு முரண்பட்டன. இலங்கையைக் கேட்டும் கிடைக்காதோர் பலர்.

ஹட்டன் புகையிரத நிலையம் அந்நாட்களிற் கண்ட காட்சியை மலையகம் மறக்கவில்லை. தலைமன்னாருக்குச் சென்று கப்பலேற வேண்டியவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வழங்கிற்று. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்ததுண்டு. உயிரோடிருப்பவரைப் பிரிவதற்கு ஒப்பாரி வைத்தமை மரபை மீறியதுபோல் தோன்றலாம். மீண்டும் காணோம் என்று தெரிந்தே பாடினர். இவ்விடத்தில் 'ஏமாற்றம்' என்னும் சொல் பொருந்தவில்லை. இதற்குக் கையறுநிலையே பொருந்தும்.

சென்றவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பது. பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்டதே இல்லை. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிற் குடியமர்த்தப்பட்டோர் மீண்டும் கொழுந்தையே பறித்தனர். 1968 இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் 1976 இல் 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. இலங்கையில் 'இந்தியாக்காரர்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் இகழப்பட்டவர் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர். இவர்களைப் பற்றித் தனியே ஆராய்தல் வேண்டும்.

பிந்திய நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே கூறலாம். 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். 1947 க்குப் பின் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையை ஒழித்தன. 1984 இல் கப்பற் போக்குவரத்து நின்றபின் இந்தியக் கடவுச்சீட்டுடன் இங்கேயே எஞ்சியோருக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாதல் வேண்டும் என்று 2015 அளவில் எழுந்த கோரிக்கை 2021 மார்ச்சில் அரச வர்த்தமானிவழி நிறைவேறிற்று. அடுத்த ஆண்டே ரூபாயின் பெறுமதி சரிந்தது. ஆயிரம் வந்தது, ஆயிரத்தின் மதிப்பு வரவில்லை. எனினும் ஆறு ஆண்டுக்காலம் ஒரு தொகையைக் கைவிடாது கேட்டு நின்றமை, கொடுப்பவரின் வாக்கை அப்படியே நம்பியிருந்தமையாகாது.

முதற் பாராளுமன்றத்தில் அமர்ந்து, அடுத்த தேர்தலில் தம் மக்களின் வாக்குரிமையே இல்லாமற் போனதைக் கண்ட சி. வி. வேலுப்பிள்ளை, பின்னர்த் தோட்டந்தோறும் சென்று நாட்டார் பாடல்களைத் திரட்டினார். அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983 இல் நூலாயிற்று. அப்பாடல்களை ஆராய்வோர் அவற்றின் சோகத்தையே பெரிதும் எடுத்துரைப்பர். அவற்றிற் காணப்படும் விளியை அவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. கங்காணியை, கணக்கப்பிள்ளையை, துரையை நேரே விளித்தும் சுட்டியும் பாடப்பட்டவை பல. சோகத்தை மட்டும் கூறுவதாயின் விளிப்பதற்கு ஒருவர் தேவையில்லை. வேலுப்பிள்ளை தம் நாவல்கள் இரண்டுக்கு இட்ட பெயர்களும் கருதத்தக்கன. ஒன்று 'வீடற்றவன்', மற்றொன்று 'இனிப் படமாட்டேன்'. முதற்பெயர் ஒரு நிலையைக் கூறுவது. அடுத்தது தன்மை ஒருமை எதிர்மறை வினைமுற்று.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு தேதி உள்ளது. இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர் யார் என்று வரையறுக்க அச்சட்டம் எடுத்துக்கொண்ட நாள் 1964 அக்டோபர் 30. எந்த நாளில் இம்மக்கள் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டனரோ, அந்த நாளில் இங்கு இருந்தமையே முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் உரிமைக்குச் சான்றாயிற்று. டிக்கோயாவிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் மீண்டும் தகரப் பெட்டிகள் திறக்கப்பட்டன. பழைய பற்றுச்சீட்டுகளும், தள்ளப்பட்ட விண்ணப்பங்களின் பிரதிகளும், காலாவதியான கடவுச்சீட்டுகளும் அவற்றுள் இருந்தன. படிவத்தில் பெயர் எழுத வேண்டிய இடம் எளிதில் நிரம்பிற்று. அடுத்து வந்த விலாசம் என்னும் இடத்தில் தோட்டத்தின் பெயரும், டிவிசனின் பெயரும், லயத்தின் இலக்கமுமே எழுதப்பட்டன. தனி விலாசம் இல்லாத அக்காம்பிராக்களுக்குரிய கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்ந்தன.